சுருட்டி எடுத்துப் போகும் படுக்கையும் ஒரு அடக்க விலைக் கணக்கும்

வண்டியில் படுத்துத் தூங்குவது என்றால் பலருக்கு அது விடுமுறை சமாச்சாரம். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குட்டி அலமாரி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே கொண்டு வந்தார்கள். ஆனால் நம்ம ஊரில் வருஷம் முழுக்க வண்டியில் தூங்குகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். லாரி டிரைவர்கள், காய்கறி ஏற்றி வருகிறவர்கள், அப்புறம் திருவிழாக் கடைக்காரர்கள். அவர்களுக்கு அது சுற்றுலா இல்லை, பிழைப்பு.

என் மாமா (அம்மாவின் தம்பி) இந்தக் கடைசி வகை. வளையல், ரிப்பன், பாசிமணி, பிளாஸ்டிக் பொம்மை. கார்த்திகைக்குத் திருவண்ணாமலை, தைப்பூசத்துக்குப் பழனி, சித்திரைக்குச் சமயபுரம், ஆவணி கடைசியில் வேளாங்கண்ணி என்று மாமாவும் அத்தையும் ஒரு ஆம்னி கார்கோ வண்டியில் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. மாமா வண்டி மட்டும் இன்னும் நிற்கவில்லை. :-)

திருவிழா நேரத்தில் லாட்ஜ் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு ராத்திரிக்கு 800 ரூபாய்க்குக் குறையாது. வளையல் கடையில் ஒரு நாள் லாபத்தில் அது பெரிய பங்கு. சரக்கை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அதனால் அத்தை வண்டிக்குள், மாமா கடையின் தார்ப்பாய்க்கு அடியில். விரிப்பு என்று பார்த்தால் ஒரு கோரைப்பாய், இரண்டு பழைய ஜமக்காளம். பல வருஷம் இப்படியே ஓடியது. போன வருஷம் அத்தைக்கு இடுப்பு வலி அதிகமாகி, "இனிமே நான் கடைக்கு வரல" என்று சொல்லிவிட்டார். அத்தை இல்லாமல் வளையல் கடை நடக்காது. வாங்க வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள், அளவு பார்த்துக் கையில் போட்டுவிடுவது அத்தைதான். ஆக, ஒரு நல்ல படுக்கை இல்லாததால் ஒரு கடையே மூடும் நிலைமை.

அப்போதுதான் அம்மா தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட ஆரம்பித்தார்.

முதலில் வந்த யோசனை, வண்டிக்குள் பலகை அடித்துக் கட்டில் மாதிரி செய்துவிடலாம் என்பது. அது இரண்டு காரணத்தால் அடிபட்டுப் போனது. ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவுப்படி வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இரண்டு, பகலில் அந்த இடம் முழுக்கச் சரக்குப் பெட்டிகளுக்கு வேண்டும். சுருட்டி வைக்கிற படுக்கை என்றால் அது வெறும் லக்கேஜ், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தேவைப்பட்டால் கடைக்கு அடியிலும் விரித்துக்கொள்ளலாம். ஆகவே மெத்தையும் ரஜாயும் ஒன்றாகச் சேர்ந்த, ஒரே உருண்டையாகச் சுருட்டக்கூடிய படுக்கை, ஆளுக்கு ஒன்று.

உள்ளே எதை வைப்பது? பாட்டி, இலவம் பஞ்சுக்குத்தான் ஓட்டுப் போட்டார். எங்கள் திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே போடிநாயக்கனூர், இலவம் பஞ்சுக்குப் பேர் போன ஊர். இலவம் இழையின் உள்ளே வெற்றுக் குழல், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவை உடைகளுக்குள்ளே இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் தினமும் இறுக்கிச் சுருட்டினால் இழை நொறுங்கிக் கட்டி கட்டியாகிவிடும். வீட்டில் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை வில்லோடு வருகிறவரைக் கூப்பிட்டு அடித்துப் போடலாம். திருவிழாவில் அவரை எங்கே தேடுவது?

அதனால் கீழே ஃபோம், மேலே பாலியஸ்டர் வாடிங் என்று முடிவானது. இதில் ஒரு சின்ன விஞ்ஞானம் இருக்கிறது. குளிரைத் தடுப்பது பஞ்சு இல்லை, பஞ்சுக்குள் சிக்கிய காற்று. மேலே போர்த்துவது எவ்வளவு உப்பலாக இருக்கிறதோ அவ்வளவு கதகதப்பு. கீழே இருப்பதோ நம் எடையில் நசுங்கிவிடும், காற்று வெளியேறிவிடும். தகரத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலையில் எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லென்று இருப்பதன் ரகசியம் இதுதான். ஆகவே மேலே இன்னொரு போர்வை வாங்குவதைவிட, கீழே நசுங்காத ஒன்றைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஃபோம் வாங்கும்போது டென்சிட்டி என்று ஒரு எண் சொல்வார்கள். 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ, அவ்வளவுதான். முன்சீட்டை நன்றாக முன்னால் தள்ளியபின் மாமா வண்டியில் நீளம் ஐந்தே முக்கால் அடி, அகலம் நாலடி. ஆக ஒரு படுக்கைக்கு 69 அங்குலம் நீளம், 24 அங்குலம் அகலம், 2 அங்குலம் கனம். பெருக்கிப் பார்த்தால் எடை கிட்டத்தட்ட 1.7 கிலோ வர வேண்டும். கடையில் தராசில் வைத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. எடை குறைந்தால் டென்சிட்டியும் குறைவு என்று அர்த்தம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை.

இனி தைத்த விதம்.

மெத்தை உறைக்கு அடிப்பக்கம் கேன்வாஸ், மேல்பக்கம் கெட்டிப் பருத்தி. வெட்டுவதற்கு முன் பருத்தியை ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி ஃபோம் உள்ளே போகாது. துண்டின் அளவு 72-க்கு 27. அதாவது ஃபோமின் அளவோடு கனத்துக்கு 2 அங்குலம், தையலுக்கு 1 அங்குலம். கால்மாட்டிலும் ஒரு பக்கத்திலும் ஜிப். உறையைக் கழற்றித் துவைத்து வெயிலில் போடலாம். ஃபோமை மட்டும் நிழலில் காற்றாட விட வேண்டும், வெயில் பட்டால் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும்.

ரஜாய்க்கு அம்மாவின் பழைய நூல் சேலை. சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. ஆறு ஆறு அடியாக மூன்று துண்டு. இரண்டு துண்டு ரஜாயின் மேலும் கீழும். மூன்றாவது, சமயபுரத்துச் சித்திரை வெயிலுக்குப் போதுமான ஒற்றைப் போர்வை. பழைய சேலையை அடுக்கித் தைப்பது நம் அம்மாக்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை. வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, கர்நாடகத்துக் கவுதி எல்லாம் இதே வழிதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிக்கு எந்தப் புதுத் துணியும் ஈடாகாது.

நடுவில் 200 ஜிஎஸ்எம் வாடிங். 16-ஆம் நம்பர் ஊசி, தையலை நீளமாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆறு அங்குலத்துக்கு ஒரு வரி. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவில் குவிந்துவிடும். நெருக்கமாக அடித்தால் பார்க்க அழகு, ஆனால் தையல் விழும் இடத்தில் உப்பல் இல்லை, அங்கே குளிர் நுழையும். மிஷினுக்குள் போகும் பாதியைப் பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டு, அம்மா மிதிக்க, நான் மறுமுனையைத் தூக்கிப் பிடிக்க, அறை முழுக்க ரஜாய்தான்.

இரண்டையும் சேர்ப்பதில்தான் ஒரு விவாதம். நான் ஜிப் என்றேன். அம்மா பொத்தானும் நாடா வளையமும் என்றார். "ராத்திரி ரெண்டு மணிக்கு ரன்னர் கழண்டா உங்க அத்தை எங்க போய் மாட்டுவா? பொத்தான் போனா ஊசி நூல் போதும்" என்றார். வாதம் முடிந்தது. கால்மாட்டிலும், ஒரு பக்கம் இடுப்பு வரையிலும் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு பொத்தான். ராத்திரி புரண்டாலும் ரஜாய் நழுவாது, வெயில் காலத்தில் கழற்றிவிடலாம். தலைமாட்டில் மாற்றுத் துணியை அடைத்துத் தலையணையாக்கிக்கொள்ள ஒரு பை. சுருட்டினால் ஒன்றேகால் அடி விட்டத்தில் ஒரு உருண்டை, கட்ட இரண்டு பட்டி.

இன்னொரு விஷயம், இது படுக்கையைவிட முக்கியம். மூச்சுக் காற்றின் ஈரமும் வியர்வையும் ஃபோம் வழியாக இறங்கிக் குளிர்ந்த தகரத்தில் தண்ணீராக நிற்கும், நாளடைவில் பூஞ்சை பிடிக்கும். அதனால் அடியில் கோரைப்பாய் கட்டாயம், காலையில் உதறி விரித்துக் காயவிட வேண்டும், ராத்திரி இரண்டு பக்கக் கண்ணாடியும் விரற்கடை திறந்திருக்க வேண்டும். குளிருக்கு என்று உள்ளே கரி அடுப்பு வைப்பதோ, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதோ கூடவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, நம்ம பாடத்துக்கு வருவோம். இரண்டு படுக்கைக்கும் சேர்த்துச் செலவு: ஃபோம் 1,500. கேன்வாஸும் துணியும் 880. வாடிங் 480. நூல், ஜிப், பொத்தான், நாடா 240. மொத்தம் 3,100 ரூபாய். அத்தை கொடுத்துவிட்டார். "அப்ப ஒண்ணு 1,550 தான், மலிவுதான்" என்றார் மாமா.

நான் காமர்ஸ் மாணவன், சும்மா இருப்பேனா? அடக்க விலையில் மூலப்பொருள் இருக்கிறது, கூலி எங்கே? அம்மாவுக்கு ஆன நேரம் 15 மணி. லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு அம்மாவுக்கு 3 மணி நேரம், கூலி 200 ரூபாய். அந்த நேரத்தில் ஐந்து பிளவுஸ் தைத்திருக்கலாம். ஆக 1,000 ரூபாய். உண்மையான அடக்கம் 4,100, ஒன்றுக்கு 2,050.

"தம்பிகிட்டப் போய்க் கூலி வாங்குவாளா எவளாவது? நீ சும்மா இரு" என்றார் அம்மா. வாங்க வேண்டாம்தான். தாய்மாமன் எங்களுக்குச் செய்ததை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. ஆனால் வாங்காமல் விடுவது வேறு, இல்லை என்று நினைப்பது வேறு. முதலாவது அன்பு. இரண்டாவது தப்புக் கணக்கு.

நாட்டு வருமானக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டு உபயோகத்துக்கே ஒரு பொருளைச் செய்தாலும், அந்தப் படுக்கையைத் தைப்பது விதிப்படி உற்பத்தி. தினமும் அதை விரிப்பது, உதறுவது, துவைப்பது எதுவும் உற்பத்தியில் சேராது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். எழுதப்படாத கூலி எந்தப் பக்கம் சேர்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பழனியில் பக்கத்துக் கடைக்காரர்கள் படுக்கையைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் வேணும்" என்று அத்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் நாலு. அம்மா முதலில் சொன்ன விலை 1,600. மாமா சொன்ன அதே கணக்கு! கூலியே இல்லை. இந்தத் தடவை தம்பி என்ற உறவும் இல்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். சேலை நம்முடையது இல்லை, துணி வாங்க வேண்டும், அதற்கு 300. கூலி 500. மிஷின் தேய்மானம், கரண்ட், போக்குவரத்துக்கு 100. ஆக 2,450.

"இவ்வளவு கேட்டா யாரு வாங்குவா?" என்றார் அம்மா. பதில் அத்தையிடமிருந்து போனில் வந்தது. "அண்ணி, லாட்ஜ் மூணு ராத்திரிக்கு ஆகுற காசு. தைரியமா சொல்லுங்க."

மூன்று பேர் சரி என்றார்கள். நாலாவது ஆள் 2,300-க்குக் கேட்டார், அம்மா 2,400-ல் நின்றுவிட்டார். பேரம் பேசியது அம்மாவேதான், நான் பக்கத்தில்கூட இல்லை.

பி.கு: அத்தைக்கு இடுப்பு வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், டாக்டர் சொன்ன பயிற்சியும் நடக்கிறது. ஆனால் சமயபுரத்துக்குக் கடை போட வருவதாகச் சொல்லிவிட்டார்.