என்ன வேண்டும் என்று கேட்டால்

விசேஷத்துக்கு என்ன வாங்கித் தருவது என்று யோசிக்கும் உறவினருக்கு, தமக்குத் தேவையானவற்றைப் பெறுகிறவரே எழுதிக் கொடுப்பது பரிசுப் பட்டியல். அமெரிக்காவில் கடைகளின் வழியாக வளர்ந்த வழக்கம் இது. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் அங்காடி 1924இல் மணப்பெண்களுக்கான பதிவேட்டைத் தொடங்கியது. பீங்கான் தட்டு, வெள்ளிக் கரண்டி, கண்ணாடிக் கோப்பை ஆகியவற்றில் எந்த வடிவம் பிடிக்கும் என்று மணப்பெண் கடையில் பதிந்து வைப்பாள். உறவினர்கள் வந்து கேட்டு, இன்னும் யாரும் வாங்காததை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் திருமண அழைப்பிதழில் அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வரிகூட அச்சிடக் கூடாது என்பது அங்குள்ள மரியாதை நூல்கள் சொல்லும் விதி. விருந்தினர் விசாரித்தால் பெண்ணின் தாயோ தோழியோ சொல்வார்கள். கேட்ட பிறகே சொல்வது என்ற இந்தக் கட்டுப்பாடுதான் முறைக்கே உயிர். தமிழ்க் குடும்பங்களில் இதை இன்னும் கண்டிப்பாகக் காக்க வேண்டியிருக்கிறது.

இங்கே யார் எதைத் தர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் உறவுமுறையே சொல்லிவிடுகிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுப் புதுத்துணி. பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து. புதுவீட்டில் பால் காய்ச்சப் பாத்திரமும் குத்துவிளக்கும் எடுத்து வருவது பல குடும்பங்களில் அண்ணன் தம்பிகளின் உரிமை. இந்த இடங்களில் பட்டியல் நீட்டுவது தவறு. தன் கையால் எடுத்துத் தட்டில் வைத்துச் சபையில் கொடுப்பதில் அந்த உறவுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதில் பெறுகிறவர் தலையிடக் கூடாது. அண்ணனே போன் செய்து, "விளக்கு ரெண்டு ஜோடி வச்சிருக்கியே, வேற ஏதாவது எடுக்கட்டுமா?" என்று கேட்டால் அது வேறு. அப்போது சொல்லலாம்.

பட்டியல் உண்மையில் பயன்படுவது சீருக்கு வெளியே இருக்கும் பெரிய வட்டத்தில்தான். சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட அக்கா எல்லோரும் ஏதாவது வாங்கி வருகிறார்கள். சுவர்க்கடிகாரம், லெமன் செட், ஹாட்பாக்ஸ் என்று ஒரே சாமான் நாலைந்து வந்து, அட்டைப்பெட்டி பிரிக்காமலே பரணுக்குப் போகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் இந்தச் சங்கடம் இன்னும் கூடுதல். பாத்திரக்கடையில் சிறிய மின்கருவியை விளிம்பில் வைத்து, கொடுப்பவர் பெயரையும் தேதியையும் புள்ளி புள்ளியாக வெட்டித் தருகிறார்கள். பெயர் வெட்டிய பிறகு கடை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. வேறொருவர் வீட்டு விசேஷத்துக்கும் கொடுக்க முடியாது. ஆகவே வாங்கும் முன் ஒரு வார்த்தை சொல்வது கொடுப்பவரின் பணத்தைக் காப்பாற்றும் உதவி. அதைப் பேராசையாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்தான் தயக்கம். "என்னடி வேணும், சொல்லு" என்று அத்தை கேட்டால், "ஒண்ணும் வேண்டாம் அத்தை, நீங்க முன்னாடி நாளே வந்துடுங்க, அது போதும்" என்பதே வழக்கமான பதில். முதல் முறை அப்படிச் சொல்வது நல்ல பண்பு. அத்தை விடாமல் மறுபடி கேட்டால், அவருக்கு உண்மையாகவே விவரம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அதற்கு மேலும் "உங்க இஷ்டம்" என்று சொன்னால், யோசிக்கும் வேலை முழுவதும் அவர் தலையில்தான் விழும். "சமையல்கட்டுக்கு டப்பா செட் இன்னும் வாங்கலை அத்தை. இல்லேன்னா ஒரு நல்ல போர்வை" என்று இரண்டு பொருளைச் சொல்லி, எதை எடுப்பது என்பதை அவரிடம் விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் சொன்னால் கட்டளை போல ஒலிக்கும். பத்தைச் சொன்னால் மளிகைச் சீட்டு போலாகிவிடும்.

எந்த விலைக்குள் சொல்வது என்பதற்கு வீட்டிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: மொய் நோட்டு. அத்தை வீட்டு விசேஷத்தில் இந்த வீட்டிலிருந்து எவ்வளவு எழுதப்பட்டது என்று புரட்டிப் பார்த்துவிட்டு, அதை ஒட்டிய விலையில் பொருளைச் சொல்வது நியாயம். மொய் திரும்ப வேண்டிய பணம் என்பதால், இன்று விலை கூடிய பொருளைக் கேட்கிறவர் நாளை அதற்கு ஈடாகவோ மேலாகவோ செய்யக் கடமைப்படுகிறார். தங்கத்தைப் பட்டியலில் எழுதக் கூடாது. அதன் விலை ஊருக்கே தெரிந்ததால், கொடுக்க முடியாதவர் தன் கையிருப்பைச் சபையில் சொன்னதாகிவிடும். வாஷிங் மெஷின் போன்ற பெரிய சாமானை ஒருவரிடம் சொல்லாமல், பெரியப்பா பிள்ளைகள் தாங்களாகவே சேர்ந்து வாங்க முன்வந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போடுவதைத் தவிர்ப்பதே நல்லது. கேட்காதவருக்கும் அது போய்ச் சேரும். யார் எதை எடுத்தார், யார் எதையும் எடுக்கவில்லை என்பதும் எல்லோர் கண்ணிலும் படும். குடும்பத்தில் எல்லோருடனும் பேசுகிற ஒருவர், பெரும்பாலும் ஒரு சித்தியோ மூத்த அக்காவோ இருப்பார். பட்டியலை அவரிடம் கொடுத்துவிட்டால், கேட்பவருக்கு மட்டும் சொல்லி, எடுக்கப்பட்டதை அடித்துக்கொண்டே வருவார்.

திருமணத்தில் ஒரு கோடு தெளிவாகக் கிழிக்கப்பட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் பட்டியல் கொடுப்பது எந்தப் பெயரிலும் பரிசுப் பட்டியல் ஆகாது. எவ்வளவு சிரித்த முகத்தோடு கொடுத்தாலும், "ஊர் வழக்கத்துக்காக" என்று சொன்னாலும், அது வரதட்சணை கேட்பதுதான். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி கேட்பதே குற்றம். எவரும் கேட்காமல், மனமுவந்து மணமக்களுக்குத் தரும் பரிசை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பெண் வீட்டார் தருவது வழக்கமான பரிசாகவும், அவர்கள் வசதிக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வந்த பரிசுகளைப் பட்டியலிட வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கான விதிகள் 1985இல் வந்தன: ஒவ்வொரு பரிசின் சுருக்கமான விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினரானால் என்ன உறவு ஆகியவற்றை எழுதி, மணமகளும் மணமகனும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியலைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்தவற்றின் பட்டியலை மாப்பிள்ளையும் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதப்படும் பட்டியலைப் பற்றி அக்கறையாகப் பேசும் குடும்பங்கள், கல்யாணத்துக்குப் பின் எழுத வேண்டிய இந்தப் பட்டியலை மறந்துவிடுகின்றன. பிற்காலத்தில் பெண்ணின் பொருள் எது என்ற கேள்வி எழுந்தால் அவளுக்குத் துணை நிற்பது இந்தத் தாள்தான். மொய் எழுத உட்காரும் பெரியவர்களே இதையும் எழுதச் செய்வது பெண்ணுக்குச் செய்யும் பெரிய நன்மை.

குழந்தைக்கான பட்டியலில் நேரம் முக்கியம். பிறக்கும் முன் தொட்டிலும் துணியும் வாங்கி வைக்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் நிறைய. வளைகாப்பு நாளில் யாராவது கேட்டாலும், "பிறக்கட்டும் சித்தி, அப்புறம் சொல்றேன்" என்பதே அந்த வீடுகளுக்கு ஏற்ற பதில்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர் பெட்டியின் எடைக்கு வரம்பு இருக்கிறது; ஊரில் அவர் பார்க்க வேண்டிய வீடுகளும் பல. இங்கேயே கிடைக்கும் பொருளை அவரிடம் சொல்லக் கூடாது. போன் போன்ற விலையுயர்ந்தது தேவையானால் அது பரிசில் சேராது; பணத்தை முன்கூட்டியே தந்து வாங்கி வரச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் ஒருவர் பட்டியலில் இல்லாத ஒன்றை வாங்கி வரலாம். அதை அவர் முன்பே பிரித்துப் பார்த்து, மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டியல் என்ற பேச்சே அங்கே எழக் கூடாது. மாற்றிக்கொள்வதற்காக அவரிடம் பில் கேட்பதும் சரியல்ல. கொடுப்பவர்தான் அதை முன்கூட்டியே நினைக்க வேண்டும்: மின்சாதனமானால் கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது, பாத்திரமானால் பெயர் வெட்டும் முன் பட்டியலை வைத்திருக்கும் சித்தியிடமோ அக்காவிடமோ ஒரு தடவை விசாரித்துக்கொள்வது.