தோல் சீட்டும் தேங்காய் எண்ணெயும்

எங்க ஊர் பாகலூர் என்று சொன்னால், "பெங்களூர் ஏர்போர்ட் பக்கம் இருக்கே, அதுவா?" என்று கல்லூரியில் கேட்பார்கள். இல்லைங்க, அது கர்நாடகா பாகலூர். நான் சொல்வது ஓசூரிலிருந்து மாலூர் போகிற வழியில் இருக்கும் பாகலூர். ரோஜாவும் முட்டைக்கோஸும் விளைகிற ஊர். ஓசூர் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். "உங்களுக்கென்னப்பா, ஊரே ஏசி போட்ட மாதிரி" என்று சென்னை நண்பர்கள் பொறாமைப்படுவார்கள். அந்த நினைப்புதான் எங்க வீட்டில் 15,000 ரூபாய்க்கு வேட்டு வைத்தது.

அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. நாலு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினார். அதில் அவருக்குப் பெருமை இஞ்சின் இல்லை, தோல் சீட். வீட்டுக்கு யார் வந்தாலும் கதவைத் திறந்து காட்டிவிடுவார். ஆனால் காரை நிறுத்த வீட்டில் இடமில்லை. எதிரே காலி மனையில்தான் நிற்கும். பகல் முழுக்க வெயில்.

இரண்டாவது கோடையில் டிரைவர் சீட்டின் வலது ஓரத்தில் மெல்லிசாகக் கோடுகள் விழுந்தன. அப்பா முகம் வாடிவிட்டது. அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த இந்த மேதாவி ஒரு யோசனை சொன்னேன். "தாத்தா தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டு ஊற வைப்பாரே. இதுவும் தோல்தானேப்பா, எண்ணெய் போடுங்க."

வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேய்த்தார். முதல் வாரம் பளபளப்பு. பிறகு ஊர்ப் புழுதி மொத்தமும் வந்து ஒட்டியது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது டிசம்பர் காலையில்தான் ஞாபகம் வந்தது. சீட் மேல் வெள்ளையாக ஆடை கட்டி நின்றது. கவனிக்காமல் உட்கார்ந்த அப்பா, பேன்ட்டில் பெரிய எண்ணெய்க் கறையோடு ஷிப்டுக்குப் போய் வந்தார். :-)

சிரிப்பெல்லாம் அதோடு சரி. இந்த வருடம் என் கல்லூரி ஃபீஸுக்காகக் காரை விற்கலாம் என்று அப்பா முடிவு செய்தார். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். இஞ்சின், டயர் எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் சீட்டின் வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு 15,000 குறைத்துக் கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்து ஃபீஸ் கட்டினார். கார் சீட் போட்ட பள்ளத்தை ஏலச் சீட்டு நிரப்பியது. "நீ சொல்லித்தானே எண்ணெய் போட்டேன்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். அதனால் நானே தேட ஆரம்பித்தேன்.

முதல் பதில் எங்க ஊரிலேயே இருந்தது. ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸுக்குள் காலையில் போய்ப் பாருங்கள். வெளியே ஜிலுஜிலு, உள்ளே வேர்த்துக் கொட்டும். காரும் ஒரு கண்ணாடி பாலிஹவுஸ்தான். 2005-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த நாளில்கூட, வெயிலில் மூடி நின்ற கார் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொட்டது. அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அரிசோனாவில் கடும் கோடையில் அளந்தபோது, ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் சீட் சராசரியாக 50 டிகிரி, நிழலில் நின்றவை சுமார் 40. இரண்டு ஆய்வுமே சீட்டுக்காகச் செய்ததல்ல, காருக்குள் விட்டுப்போகும் குழந்தைகளுக்காக. நம்ம ஊர் குளுகுளு என்று நம்பி யாரும் குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது பதில் ஆம்பூரிலிருந்து வந்தது. நண்பனின் மாமா அங்கே தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். நான் நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். "தம்பி, உங்க தாத்தா செருப்பு பட்டை போட்டுப் பதனிட்ட தோல். மேலே பூச்சு கிடையாது, எண்ணெயைக் குடிக்கும். கார் சீட்டுக்கு வேண்டிய எண்ணெயைப் பதனிடும்போதே டிரம்மில் போட்டு உள்ளே ஏற்றிடுவோம். அதுக்கு மேலே நிறமும் பாலியூரித்தேன் பூச்சும். நீங்க தேய்ச்சது பூச்சு மேலேயே நின்னிருக்கும்" என்றார்.

அப்போ வெடிப்பு ஏன்? சூட்டில் தோலின் ஈரம் வற்றுகிறது, புற ஊதாக் கதிர் பூச்சைக் கெடுக்கிறது, ஏறி இறங்கும்போது ஓரம் மடங்கி மடங்கி உடைகிறது. முன் கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பல கார்களில் ஒற்றை அடுக்கு, அவ்வளவு தடுக்காது. அப்பாவின் வலது ஓரம் ஏன் முதலில் போனது என்று புரிகிறதா?

இப்போது நாங்கள் செய்வது இதுதான். சித்தப்பா வேலை பார்க்கும் பாலிஹவுஸில் மிச்சமான ஷேட் நெட்டை வாங்கி வந்து நாலு கம்பு நட்டுக் கட்டினோம். முன் கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளித் தாள் மறைப்பு. சீட் மேல் பழைய காட்டன் பெட்ஷீட். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் புழுதியைத் துடைப்பது (புழுதிதான் உப்புத்தாள் மாதிரி பூச்சைத் தேய்க்கும்). அழுக்கு அதிகமென்றால் மிதமான சோப்பு நீர். தின்னர், மண்ணெண்ணெய், பாத்திரம் தேய்க்கிற சோப்பு கிட்டவே வரக்கூடாது. பூச்சுள்ள தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனர் சில மாதத்துக்கு ஒரு முறை. இன்னொன்று, தோல் என்று சொல்லி விற்கிற பலதும் ரெக்சின்தான். உறையின் அடிப்பக்கம் துணி தெரிந்தால் அது பெரும்பாலும் தோல் இல்லை.

விழுந்த வெடிப்பு விழுந்ததுதான், அது கூடாது. புதிதாக எதுவும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இன்னமும் காரிடம் போகிறார், கையில் எண்ணெய்க்குப் பதில் ஈரத்துணி. பின்னாலேயே நானும் ஒரு துணியோடு போகிறேன். அந்த வலது ஓரத்தை மட்டும் அவரிடம் விடுவதில்லை, நான்தான் துடைக்கிறேன்.

உங்க வீட்டில் யாராவது தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு காரைப் பார்த்துப் போனால், தயவுசெய்து மறித்து நிறுத்துங்கள்.