வயிறு

தட்டையான துணி பாய் ஆகாது. பட்டைகளின் விளிம்பைக் கொஞ்சம் வளைத்து வெட்டித் தைத்தால்தான் காற்றில் வயிறு விழும். தொண்டியில் வத்தைகளுக்குப் பருத்திப் பாய் தைத்த அப்பாவுக்குக் கண்தான் அளவுகோல்.

இந்த சீசனில் மூன்று விதம் தைத்தேன். நெடும்பயணப் படகுக்கு டேக்ரான். வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் சாகும், அதனால் மூன்று வரிசைத் தையல். பந்தயப் படகுக்கு லேமினேட். இழுபடாது, ஆனா சீக்கிரம் அடுக்கு பிரியும். கடைசியாக, ஊர்ப் போட்டிக்கு ஒரு வத்தைப் பாய். பந்தயப் பாய் மாதிரியே தட்டையாக வெட்டிவிட்டேன். கனத்த வத்தையை அது இழுக்கவில்லை, கடைசியாக வந்தது.

"வயிறு எங்கடா?" அப்பா அவ்வளவுதான் கேட்டார்.

அன்றிரவே தையலைப் பிரித்தேன். அவர் கை நடுங்குகிறது, கோடு போட முடியாது. அவர் விரலால் வளைவைக் காட்ட, சுண்ணாம்புக் கட்டியால் நான் பின்தொடர்ந்தேன்.