கமிட்டி முன்னாடி ஒரே ஒரு ஸ்லைடு

லக்னோ வந்து ஆறு வருஷம் ஆச்சுங்க. கடன் கமிட்டி முன்னாடி பிரசண்டேஷன் கொடுக்கறதுதான் நம்ம பொழப்பு. நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: கேட்கறவங்க மனசு எங்க இடிக்குமோ, அங்கிருந்து ஆரம்பிக்கணும். பேலன்ஸ் ஷீட்டை வரிவரியா வாசிச்சா எல்லாரும் மொபைலைத்தான் பார்ப்பாங்க.

உதாரணத்துக்கு, மொராதாபாத்ல ஒரு பித்தளைப் பட்டறை. எதிர்பார்க்கும் விற்பனை வருஷத்துக்கு 1.2 கோடி. கேட்டது 40 லட்சம் லிமிட். நாயக் கமிட்டி கணக்குல விற்பனையில 20%, அதாவது 24 லட்சம்தான் வரும். மீதி 16 லட்சம் எதுக்கு? இடிக்கிற இடம் இதுதான். என் முதல் ஸ்லைடும் இதுதான்.

அந்த 20%, போட்ட பணம் மூணு மாசத்துல திரும்பும்னு வச்சுப் போட்ட கணக்கு. இவருக்கு வார்த்து, செதுக்கி, பாலிஷ் போட்டு அனுப்ப மூணு மாசம். டெல்லி மொத்த வியாபாரி பணம் தர இன்னும் ரெண்டு மாசம். ஆக, அஞ்சு மாச விற்பனை, 50 லட்சம், முடங்குது. அவர் பங்கு 10, பேங்க் பங்கு 40.

ரிஸ்க்கையும் நாமே சொல்லிடணும். பாதி விற்பனை ஒரே வியாபாரிகிட்ட. அவர் இழுத்தடிச்சா? 90 நாள் தாண்டின பில்லுக்கு டிராயிங் பவர் கிடையாதுன்னு நிபந்தனையை நானே வச்சேன். அவங்க கேட்க வேண்டிய கேள்வியை நாம கேட்டுட்டா, நம்பிக்கை வந்துடும்.

40 லட்சமும் பாஸ். 24-ல நின்னிருந்தா பாதி வருஷம் உலை அணைஞ்சிருக்கும், 14 பேர் கூலி போயிருக்கும்.

என் ஹிந்தி இன்னும் மதுரை ஹிந்திதான். அதுக்காக யாரும் லோனை மறுத்ததில்லை :-)