செலவு என்று ஒரு சாக்கு

கணினியில் உடற்கூறியல் பாடம் தயாரிக்கிறேன் என்று கல்லூரியில் சொன்னபோது நான் காட்டிய காரணம் செலவு. அது பொய்யில்லை. எங்களைப் போன்ற சின்ன செவிலியர் கல்லூரியில் பதப்படுத்திய உடல் ஏது? மருத்துவக் கல்லூரியின் டிசெக்‌ஷன் ஹாலுக்கு பஸ் வைத்துத்தான் பிள்ளைகளை அழைத்துப் போவோம். ஆனால் மனசுக்குள் இருந்த காரணம் வேறு. ஃபார்மலின் நெடியில் கண் எரிய நின்று, கொழுப்பை விலக்கி விலக்கி ஒரு நரம்பைக் காட்டுவது எனக்குச் சலித்துப் போயிருந்தது. அந்த பஸ்ஸை நிறுத்த கௌரவமான ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

சாக்குக்குத் தோதாகப் பொருளும் இலவசமாகவே கிடைத்தது. ஜப்பானின் பாடிபார்ட்ஸ்3டி உறுப்பு மாதிரிகளை, எடுத்த இடத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். பிளெண்டர் மென்பொருளுக்குக் காசில்லை. ஓர் ஆண் உடலை 1 மி.மீ. இடைவெளியில் சீவிப் படமெடுத்து அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் வெளியிட்ட விசிபிள் ஹ்யூமன் படங்களுக்கும் 2019 முதல் உரிமம் வாங்க வேண்டியதில்லை. தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் பூசினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பதப்படுத்திய உடலில் அக்குளைத் திறந்தால் எல்லாம் வெளிறிய ஒரே நிறம். உள்ளே துளையுள்ள குழாயா, கெட்டியான இழையா என்று விரலால் உருட்டிப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். பிள்ளைகள் கற்க வேண்டியதே அதுதான். வண்ணம் பூசி அந்த வேலையையே இல்லாமல் செய்துவிட்டேன்.

இன்னொன்றைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. கைத்தமனி முழங்கைக் குழியில் இரண்டாகப் பிரியும் என்பது பாடம். சிலருக்கு அது மேலேயே பிரிந்து, ஒரு கிளை தோலுக்குக் கீழே சிரைகளை ஒட்டியே ஓடும். சிரை என்று நினைத்து அதில் மருந்தை ஏற்றினால் விரல்கள் அழுகிப் போகலாம். ஊசி போடப்போகிற பிள்ளைகளுக்கு இது தெரியாமல் முடியுமா? வரைந்து வைத்திருந்தேன், பிறகு நானே நீக்கினேன். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். ‘சிலருக்கு’ என்று வந்தால் விடைத்தாளை நான் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

மதிப்பெண்கள் ஏறின. பணத்தை மிச்சப்படுத்தியதற்கு நிர்வாகம் பாராட்டியது. பஸ் நின்றது.

வார்டு பயிற்சிக்குப் போன ஒரு மாணவி, ரத்தம் எடுக்கத் தேர்ந்த இடத்தில் துடிப்பு தெரிகிறதே என்று ஊசியைக் கீழே வைத்திருக்கிறாள். “பட்டையைக் கட்டறதுக்கு முன்னாடி தொட்டுப் பாரு” என்று அவளுக்குப் பழக்கியது அங்கிருந்த சிஸ்டர். திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்: “சார், இது ஏன் நம்ம பாடத்துல இல்ல?”

“சிலபஸ்ல இல்லம்மா” என்றேன்.

இப்போது அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிட்டேன். அதற்கு மதிப்பெண் மட்டும் வைக்கவில்லை. மதிப்பெண் இல்லாத பக்கத்தை எங்கள் பிள்ளைகள் திறப்பதில்லை என்பது சேர்க்கும்போதே எனக்குத் தெரியும்.