அனுப்பாத படங்கள்

"படம் கழுவி அனுப்புறேன்." காவிரிக் கரை ஊர்களில் நான் பலருக்குக் கொடுத்த வாக்கு இது. மேலையூர் வயலில் சம்பா அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன். திருவெண்காட்டுக் கோயில் வாசலில் பூக்கட்டிய பெண்ணிடம் சொன்னேன். தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய கோட்டைக்குப் பக்கத்தில் வலை பின்னிய பெரியவரிடமும் சொன்னேன். முகவரியை நோட்டில் குறித்துக்கொண்டேன். யாருக்கும் அனுப்பவில்லை.

தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யைப் படித்த பிறகு தொற்றிய பழக்கம் இந்த ஊர்சுற்றல். பொங்கல் விடுமுறை வந்தால் கேமராவோடு மாயவரத்தில் இறங்கி, பூம்புகார் பஸ் ஏறிவிடுவேன். டெல்டா மக்கள் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். களத்துமேட்டில் உட்கார்ந்து அவர்கள் சோற்றையே பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கைம்மாறாக அவர்கள் கேட்டது ஒரு படம்.

மற்றவர்களை மறந்துவிட்டேன் என்றாவது சொல்லலாம். பூம்புகார் மீனவர் தெருவில் சந்தித்த அம்மாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். 6,000 பேருக்கும் மேல். பூம்புகார் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த அம்மாவின் மகனும் அன்று போனவர். வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் சுவரில் மாட்டியிருந்த படங்களையும் கொண்டுபோய்விட்டது. சில ஆண்டுகள் கழித்து நான் போனபோது, சுனாமிக் குடியிருப்பின் புதுச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்தேன்.

"அவன் மூஞ்சி அப்படியே இவளுக்கு, தம்பி. பெருசாக் கழுவி அனுப்புங்க. மாட்டி வச்சுக்கறேன்" என்றார்.

அந்தப் படம் என் கட்டுரையோடு ஒரு பத்திரிகையில் வந்தது. பாராட்டும் பணமும் கிடைத்தன. 'காவிரிப்பூம்பட்டினத்துத் தாய்' என்று கீழே எழுதிக் கொடுத்தது நான். அவர் பெயரை எழுதவில்லை. அந்த இதழில் ஒரு பிரதியை உறையில் போட்டு அஞ்சல்தலை ஒட்டியிருந்தால்கூடப் போதும். நேரமில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டது பொய். கீழையூரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பழைய படகுத்துறையின் செங்கற்களைப் பார்த்து மனம் நெகிழ்ந்தவன், கண்ணெதிரே இருந்த கடற்கரைக்காரரைப் பழைய நகரத்தின் மிச்சமாகத்தான் பார்த்தேன். கட்டுரைக்கு அவர் தேவைப்பட்டார். கட்டுரை முடிந்ததும் தேவைப்படவில்லை. இதைவிட நயமாக இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது இன்னும் மோசமாக நடந்துகொண்டேன். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிவிட்டு, அந்தத் தெருப்பக்கமே போகாமல் பஸ் ஏறினேன். அவர் கேட்பாரே என்ற பயம்.

அயர்லாந்து எழுத்தாளர் ஜான் மில்லிங்டன் சிங்கை வெகு தாமதமாகத்தான் படித்தேன். 1898-இல் முதன்முதலாக அரான் தீவுகளுக்குப் போனவர் அவர். மறுமுறை போகும்போது, முந்தின ஆண்டு அங்கே எடுத்த படங்களைக் கையோடு கொண்டுபோனார். ஒரு வீட்டு அடுப்படியில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து குடும்பத்தாருக்கு அவற்றைக் காட்டியதை, 1907-இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாயைப் பற்றி நாடகம் எழுதியவரும் அவரே. படங்களைக் காட்டும் அந்தப் பக்கத்துக்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். அது திறக்கவில்லை. மாயவரத்திலும் சென்னையிலும் கடைகளில் கொடுத்துப் பார்த்தாயிற்று. மிஞ்சியிருப்பது பத்திரிகையில் அச்சான மங்கலான படம் மட்டுமே. அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, இந்த மாதம் நேரில் கொண்டுபோகிறேன். அவர் இருக்கிறாரா, அதே வீட்டில் இருக்கிறாரா, தெரியாது. திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்பார்கள். வயதானவர்கள் கேட்பது சுவரில் மாட்ட ஒரு படம். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரையாவது படம் எடுத்தால், மாயவரத்திலோ சீர்காழியிலோ ஒரு ஸ்டுடியோவில் அன்றே அச்சுப் போட்டு, ஊர் திரும்புவதற்குள் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.