முதல் ஸ்கேன்

சென்ற மாதம் மகளை முதல் ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஆறு வாரம் முடிந்து நான்கு நாள்.

குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஆரம்பத்தில் உள்வழியாகப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியுமாம். அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். 1994-ஆம் வருடச் சட்டம்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு, அது நல்லது. துடிப்பு இன்னும் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

ஆட்டோவில் மகள் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1979-இல் என் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. எங்கள் ஊரில் அப்போது ஸ்கேன் ஏது? பப்பாளி தின்றாயா, மாடிப்படி ஏறினாயா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தண்ணீர்க் குடம் தூக்கியது நினைவுக்கு வந்தது. அதுதான் காரணம் என்று நாற்பது வருடங்களுக்கு மேலாக மனதில் வைத்திருந்தேன். மகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். ஒரு சென்டிமீட்டர் அளவு சிறு உருவம். நடுவில் மினுக் மினுக்கென்று ஏதோ துடித்தது. மகளுக்கு மாதவிலக்கு நாற்பது நாளைக்கு ஒருமுறைதான் வரும். கரு தங்கியதே தாமதம், அதனால்தான் முதலில் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா.

கிளம்பும்போது என் கதையைச் சொல்லிக் கேட்டுவிட்டேன். "ஆரம்பத்துல கலையறது பெரும்பாலும் கருவோட குரோமோசோம் கோளாறாலதான். குடம் தூக்கினதால இல்லம்மா" என்றார். வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லை என்று மகளோ மருமகளோ வந்து நின்றால், என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.